தேன்கல்லில் ஒரு கூஜா தண்ணீர்

கயிறு என்றால் எனக்குத் தெரியும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மன்னார்குடிப் பக்கத்தில் ஓர் அரிசி மில்லுக்கு மூட்டை கட்டப் போனவன் நான். இன்றுவரை அதே வேலைதான். நான் கட்டி அனுப்பிய பாரவண்டியில் ஒரு மூட்டை சரிந்ததாக யாரும் சொன்னதில்லை. இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். பின்னால் நான் செய்த காரியத்தைப் படிக்கும்போது, இவன் கயிற்றையே கண்டறியாதவன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

மற்றபடி நான் பயந்தவன். படுக்குமுன் தாழ்ப்பாளை மூன்று தடவை தொட்டுப் பார்ப்பேன். ஆற்றுக்கு அக்கரை போவதென்றாலும் காய்ச்சின தண்ணீரைக் கூஜாவில் எடுத்துக்கொள்வேன். இப்படிப்பட்டவனைக் கடல் தாண்டி மட்டக்களப்புக்கு அனுப்பியது என் தங்கை கோமதி.

அவள் புருஷன் தங்கராசு கோபுரத்தில் சுதை வேலை செய்கிறவர். மட்டக்களப்புப் பக்கம் ஒரு கோயில் கோபுரத்துக்குப் பொம்மை செய்யக் கூட்டத்தோடு கப்பலேறினார். வேலை முடிந்து மற்றவர்கள் திரும்பிவிட்டார்கள். அவர் மட்டும் திரும்பவில்லை. வந்தவர்கள் கொண்டுவந்த சேதி எங்களைத் தூங்கவிடவில்லை. மாப்பிள்ளை காட்டுக்குள் போய்ப் பாறையில் தேன் எடுக்கிறாராம். கயிறு கட்டாமல் ஏறுகிறாராம். கோமதி கையில் எட்டு மாதக் குழந்தை, தகப்பன் முகம் பார்க்காத குழந்தை. "உசிரோட கூட்டிக்கிட்டு வாண்ணா" என்றாள்.

எங்கள் ஊரில் கோபுரத்தைத் தவிர உயரமான பொருள் ஒன்றும் கிடையாது. மலையைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். மட்டக்களப்பு ரயிலில் ஜன்னலுக்கு வெளியே கறுப்பாக ஒரு பாறை தெரிந்தது. கூஜாவை மடியில் வைத்து இறுக்கிக்கொண்டேன். ரயில் காவலர் ஒரு சிங்களவர். டிக்கெட்டைப் பார்த்துவிட்டுக் கூஜாவைப் பார்த்து ஏதோ கேட்டார். எதிரே இருந்தவர் தமிழில் சொன்னார்: "அந்தச் செம்புக்குள்ள யாருட சாம்பல் எண்டு கேக்கிறார்."

நான் மூடியைத் திறந்து தண்ணீர் என்று காட்டினேன். காவலர் மரியாதையாகத் தலையசைத்துவிட்டுப் போனார். ஊர் திரும்பும்போது சாம்பலைத்தான் கொண்டுபோகப் போகிறேனோ என்று அப்போதே மனசில் ஒரு முள் விழுந்துவிட்டது.

மட்டக்களப்பு நிலமும் தண்ணீரும் ஒன்றுக்குள் ஒன்று கை கோத்துக்கொண்ட ஊர். எந்தத் தெருவில் போனாலும் கடைசியில் வாவிதான் நிற்கிறது. வாவியில் மீன் பாடும், கேட்டீரா என்று பஸ்ஸில் ஒருவர் விசாரித்தார். முதலை உண்டா என்று நான் திருப்பிக் கேட்டேன். உண்டு, ஆனால் நல்லதுகள், ஊர்க்காரர்களைத் தொடாது என்றார். நான் ஊர்க்காரன் இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

மாப்பிள்ளையிடம் தேன் வாங்குகிறவர் என்று ஊர் திரும்பியவர்கள் சொன்ன மீரான் காக்காவின் வீட்டை ஏறாவூரில் கண்டுபிடிப்பதில் சிரமம் இருக்கவில்லை. தேன், மெழுகு, கொம்பு, தோல் என்று காட்டுச் சரக்கெல்லாம் வாங்குகிற வியாபாரி. முற்றத்தில் தேன் பானைகள் வரிசையாக இருந்தன, ஒவ்வொன்றிலும் ஈ மொய்த்தது. பெரிய மனிதர், குரல் மட்டும் சின்னது. கேள்வி கேட்குமுன் சாப்பிட உட்காரவைத்துவிட்டார். இடியப்பம், தேங்காய்ப்பால் நிறைய விட்ட மீன் ஆணம் என்கிற குழம்பு, இனிப்புக்கு ஒரு துண்டு வட்டிலப்பம். எங்கள் ஊரில் தேங்காயை அரைத்துப் போடுவோம், இங்கே பிழிந்து ஆறாக ஓடவிடுகிறார்கள். வட்டிலப்பத்தை வாயில் வைத்ததும் அழுகை வந்தது. அவ்வளவு ருசி. கோமதியை நினைத்துக்கொண்டேன்.

"நான் அவரை ஏறச் சொல்லல்ல தம்பி" என்றார் காக்கா. "தேனை வாங்குறதுதான் என்ட வேல. ஒங்கட மச்சான் கல்லக் கண்டா நிண்டுருவார், பொண்ணு பார்க்க வந்த மாப்புள்ள மாதிரி. ஒரு நாளைக்கு மௌத்தாகிப் போவீங்க எண்டு நானே சொல்லிப் பார்த்திட்டன். சிரிக்கிறார்."

மறுநாள் காலை வாவிக்கு மேற்குக் கரைக்குத் தோணி பிடித்தேன். சூரியன் அடைகிற பக்கம் என்பதால் அந்தக் கரைக்குப் படுவான்கரை என்று பெயர். படுவான் என்கிற சொல்லே எனக்குப் பிடிக்கவில்லை. நடு வாவியில் தோணி சேற்றில் தட்டி நின்றுவிட்டது. தோணிக்காரர் ஆண்கள் இறங்கித் தள்ளவேண்டும் என்றார். கோழிக்கூடையோடு இருந்த ஒரு பெண்பிள்ளை என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அந்த ஐயா இரிக்கட்டும், நான் தள்ளுறன், இந்தக் கூடையை மட்டும் புடிக்கச் சொல்லு" என்றாள். அவள் முழங்கால் தண்ணீரில் இறங்கித் தள்ளினாள். நான் ஒரு கையில் கோழியும் ஒரு கையில் கூஜாவுமாக உட்கார்ந்திருந்தேன். வெட்கமாக இருந்தது. ஆனால் பயம் வெட்கத்தைவிடப் பெரியது.

அக்கரையிலிருந்து வண்டி. வயல்வெளியை இங்கே வட்டை என்கிறார்கள். வட்டை முடிகிற இடத்தில் காடு, காட்டுக்கு மேலே பாறைகள். பாதி வழியில் ஒரு மாடு ஓடைத் தண்ணீரில் படுத்துக்கொண்டு எழுந்திருக்க மறுத்தது. யானை வரும் நேரமா என்று வண்டிக்காரரிடம் நாலு தடவை கேட்டேன். ஐந்தாம் தடவை அவர் மாட்டைத் திட்டினார்.

பொழுது சாயுமுன் வேடர்களின் குடிசைகளுக்குப் போய்ச் சேர்ந்தோம். ஏழெட்டுக் குடிசை. மாப்பிள்ளை வாசலில் உட்கார்ந்து எருமைத்தயிரில் தேன் விட்டுக் குழைத்துக்கொண்டிருந்தார். ஆள் பாதியாகியிருந்தார். உள்ளங்கால் மரப்பட்டை மாதிரி இருந்தது. "வாங்க மச்சான்" என்றார், நான் அடுத்த தெருவிலிருந்து வந்தவன் போல. குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டது என்றேன். ஓம் என்றார். எங்கள் வீட்டு மாப்பிள்ளை ஆமாம் என்பதற்கு அந்த ஊர்க்காரர் போல ஓம் என்று சொல்லிக் கேட்டபோது, மனுஷன் வெகுதூரம் போய்விட்டார் என்று தோன்றியது.

குடிசைகளுக்குத் தலைவர் போல இருந்தவர் கதிரன். என் வயதுதான். நான் யார் என்று மாப்பிள்ளையிடம் விசாரித்தார். பெண்சாதியின் தமையன் என்று தெரிந்ததும் எழுந்து நின்றுவிட்டார். முகமெல்லாம் சந்தோஷம். எனக்கு அப்படி ஒரு வரவேற்பு எங்கும் கிடைத்ததில்லை. காரணம் பிறகுதான் புரிந்தது.

இவர்கள் பெரிய பாறையின் உச்சியில் மரத்தில் கயிற்றைக் கட்டி, அதில் இறங்கி, பாதியில் தொங்குகிற தேனடையை எடுக்கிறார்கள். கயிறு கட்டிய இடத்தில் ஒருவன் காவல் இருக்கவேண்டும். அந்தக் காவலுக்கு இறங்குகிறவனின் மனைவியின் சகோதரன்தான் உட்காரலாம். தகப்பனோ தம்பியோ கூடாது. "தங்கச்சி தாலி அறுத்துப்போட்டு நிக்கிறத மச்சினன் ஒத்தன்தான் பொறுக்கமாட்டான்" என்றார் கதிரன். மற்றவர்களுக்கு ஏதாவது ஆசை இருக்கும், பகை இருக்கும். மச்சினன் கை நம்பின கை.

மாப்பிள்ளைக்கு இங்கே மச்சினன் கிடையாது. கயிறு பிடிக்க யாரும் வரமாட்டார்கள். பிடித்து அவர் விழுந்துவிட்டால் பழி யார் ஏற்பது. அதனால்தான் அத்தனை மாதமும் அடியிலிருந்து வெறுங்கையோடு ஏறினார். இப்போது மச்சினன் வந்துவிட்டான். கதிரனின் பெண்சாதி பொன்னி சுருட்டை வாயிலிருந்து எடுக்காமலே என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இவரா கயிறு காக்கப் போறார்? இவரைக் காக்க ஒரு ஆள் வேணுமே" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நான் தயிரைச் சாப்பிட்டேன். தேன் தொண்டையில் காறியது. விஷமா என்று கேட்டேன். மறுபடியும் சிரித்தார்கள்.

அடுத்த நாள் மாப்பிள்ளை ஒரு சின்னப் பாறையில் ஏறினார். சின்னது என்று அவர் சொன்னார். மூன்று பனை உயரம். இடுப்பில் கத்தி, தோளில் வாளி, பல்லில் கடித்த ஒரு புகைப்பந்தம். அடியில் நின்று ஒரு நிமிஷம் பாறையைத் தடவினார், மாட்டை வாங்குகிறவன் தடவுவது போல. அப்புறம் ஏறிவிட்டார். கால் வைக்க அங்கே இடமே இல்லை. நான் பார்த்தேன், ஒரு விரல் நுழைகிற வெடிப்புத்தான். அவர் உடம்பை அந்த வெடிப்பில் தொங்கவிட்டு, இன்னொரு கையால் மேலே தேடினார்.

அவர் காலடியிலிருந்து ஒரு பொடிக்கல் உதிர்ந்தது. அது விழுந்த சத்தம் கேட்பதற்குள் நான் மூன்று தடவை எச்சில் முழுங்கினேன். கல்லுக்கு மூன்று முழுங்கு என்றால் மனுஷனுக்கு எத்தனை என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்தது. மரத்தடியில் போய்ப் பாறைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டேன். சென்ற வருஷம் இதே பாறையில் ஒருவன் விழுந்தான் என்று பொன்னி எனக்கு ஆறுதலாகச் சொன்னாள். கயிறு கட்டாமல் ஏறியவன்தான். கிடைத்ததைப் பொறுக்கி அங்கேயே புதைத்தார்களாம். நான் உட்கார்ந்திருந்த மரத்துக்குப் பக்கத்தில்.

மாப்பிள்ளை தேனோடு இறங்கி வந்தபோது முகம் கழுவித் துடைத்தது போல இருந்தது. அந்த முகத்தை எங்கள் ஊரில் நான் பார்த்ததே இல்லை. மாலையில் ஓடைக் கரையில் உட்கார்ந்து நேராகவே கேட்டுவிட்டேன், எதற்காக இப்படிச் சாகத் தேடுகிறீர்கள் என்று.

"சாகறதுக்கா ஏறுவாங்க?" என்றார். "கீழ இருந்தா ஆயிரம் நெனப்பு மச்சான். நாளைக்கு வேலை உண்டா, அவ என்ன நெனைப்பா, ஊர்ல என்ன சொல்லுவாங்க. கல்லுல கையை வெச்சுட்டா ஒண்ணும் கிடையாது. அடுத்த விரலுக்கு இடம் எங்க, அவ்வளவுதான். கயிறு கட்டினா அந்தக் கயிறே ஒரு நெனப்பு."

"கோமதியை நெனைக்க மாட்டீங்களா?"

"அங்க நெனைச்சா விழுந்துடுவேன்."

எனக்குக் கோபம்தான் வரவேண்டும். வரவில்லை. ஆயிரம் நினைப்பு என்று அவர் சொன்னது எனக்குத் தெரிந்த நோய். அதற்கு ஒரு மருந்து உண்டு என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தோம். தேன்கல் என்கிற பெரிய பாறையில் ஓர் அடை இருக்கிறது. பாறை வெளியே துருத்திக்கொண்டிருப்பதால் அடியிலிருந்து யாராலும் எட்ட முடியாது, மேலேயிருந்து கயிற்றில்தான் இறங்கவேண்டும். அதை எடுத்துக் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்துவிடுகிறேன் என்றார். "நீங்க காவல் இருங்க. இல்லேன்னா அடியிலேர்ந்தே பாத்துக்கறேன்." மாட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. நான் கயிற்றைத் தொடவில்லை என்றால் அவர் கயிறில்லாமல் ஏறுவார்.

மறுநாள் காலை தேன்கல்லின் பின்பக்கமாக ஏறினோம். அந்தப் பக்கம் சரிவு, குழந்தைகூட ஏறும் என்றார்கள். பாதியில் ஓர் இடம் மொழுமொழுவென்று வழுக்கியது. வலது பக்கம் வெறும் ஆகாயம். நாலு காலில் ஊர்ந்தேன். கூஜா கழுத்தில் தொங்கி டங் டங் என்று பாறையில் அடித்தது. அந்தப் பத்து முழத்தில் எனக்கு ஒரு விஷயம் நடந்தது. கோமதி, குழந்தை, மில், முதலை எதுவும் நினைவில் இல்லை. கைக்கு முன்னால் ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது, அதில் விரலை வைக்கவேண்டும், அவ்வளவுதான். மேலே போய் உட்கார்ந்ததும் எல்லாம் திரும்பி வந்துவிட்டது. ஆனால் கொஞ்ச நேரம் அது இல்லாமல் இருந்தது. அந்த நாள் முழுக்க என்னை மிகவும் பயமுறுத்தியது இதுதான்.

உச்சியில் வேர் பாறைக்குள் போன ஒரு கிழட்டு மரம். காட்டுக் கொடியை முறுக்கிய கயிற்றை, எருமைத்தோல் வாரால் மரத்தோடு சுற்றிக் கட்டினார் கதிரன். நல்ல முடிச்சு, நானே ஒப்புக்கொண்டேன். நான் அதன் பக்கத்தில் உட்காரவேண்டும். தேனீ கலைந்துவிடும் என்பதால் வாய் திறக்கக் கூடாது. மாப்பிள்ளை கீழேயிருந்து இரண்டு தடவை இழுத்தால் வாளியைத் தூக்கவேண்டும். இவ்வளவுதான் கதிரன் சொன்னார். இன்னொன்றை அவர் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்காது. அவர்கள் வீட்டுக் குழந்தைக்கும் அது தெரியும். சொல்லிவிட்டு, பாறையடியில் புகை போட அவர் இறங்கிப் போய்விட்டார்.

மாப்பிள்ளை விளிம்பில் முதுகைக் காட்டி நின்று, என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, இறங்கி மறைந்தார்.

கயிறு விறைத்தது. கீழே ஈக்களின் இரைச்சல், மில் எந்திரம் ஓடுவது போல. புகை விளிம்புக்கு மேலே ஏறி வந்தது. கூப்பிட்டு, மாப்பிள்ளை, இருக்கிறீர்களா என்று ஒரு வார்த்தை கேட்க முடிந்திருந்தால் நான் சும்மா இருந்திருப்பேன். வாயைத் திறக்கக் கூடாது. பார்ப்பதற்கு எனக்கு அந்த முடிச்சு மட்டும்தான் இருந்தது. அதைப் பார்த்தேன். வெயில் ஏற ஏற வார் காய்ந்து வெளுத்தது. ஓரத்தில் மயிரிழை போல வெடிப்பு. ஒவ்வொரு அசைவுக்கும் கிறீச் என்றது. காய்ந்த கட்டு வெடித்து அறும் என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது.

மில்லில் பாரம் கட்டினால் முடிச்சின் மேல் தண்ணீர் தெளிப்போம். நார்க்கயிறு ஊறி இறுகும். யானை இழுத்தாலும் அவிழாது. என் வாழ்நாளில் ஆயிரம் முடிச்சுக்கு அப்படிச் செய்திருக்கிறேன். கூஜாவைத் திறந்தேன். முதலில் ஒரு கை தெளித்தேன். கிறீச் சத்தம் நின்றுவிட்டது. அப்பாடா என்று இருந்தது. கோமதிக்காக மீதியையும் நன்றாக ஊற்றினேன்.

கொஞ்ச நேரம் கழித்து முடிச்சு ஒரு பக்கமாகச் சரிந்தது. முதலில் கண் மயக்கம் என்று நினைத்தேன். வார் பளபளவென்று கறுத்து, வழவழவென்று நீண்டுகொண்டிருந்தது. பாம்பு சட்டையிலிருந்து வெளியே வருவது போல, கொடிக்கயிறு அந்தச் சுற்றுக்குள்ளிருந்து நழுவி வெளியே வந்தது. இரண்டு கையாலும் பாய்ந்து பிடித்தேன். உள்ளங்கையை உரித்துக்கொண்டு ஓடியது. காலை ஒரு வேரில் உதைத்துக்கொண்டு பிடித்தேன். விளிம்புவரை என்னை இழுத்தது. பிறகு திடீரென்று கனம் இல்லாமல் போய்விட்டது.

கனம் போன கயிறு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். மூட்டை விழுந்த பிறகு கையில் இருக்கிற கயிறு அது.

கீழே ஏதோ மோதி நொறுங்கிய சத்தம் கேட்டது. நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. பதில் இல்லை, ஈக்கள் மட்டும். விளிம்பில் குப்புறக் கிடந்தேன். எட்டிப் பார்க்கவேண்டும். பார்க்கவில்லை. கோமதியிடம் என்ன சொல்வது, முதலில் எந்த வார்த்தை என்று யோசித்துக்கொண்டு கிடந்தேன். ரயில் காவலர் கேட்டது ஞாபகம் வந்தது. கூஜா வேறு காலியாக இருந்தது.

எவ்வளவு நேரமோ தெரியாது. எனக்கு இடது பக்கம், கயிறு தொங்கிய இடத்துக்கு ரொம்பத் தள்ளி, பாறை விளிம்பில் நாலு விரல் வந்தது. பிறகு இன்னொரு நாலு விரல். பிறகு ஈ கொட்டி வீங்கின ஒரு முகம்.

கயிறு இளகுகிறது என்று தெரிந்ததும் அவரே அதைக் கைவிட்டு, பாறை வெடிப்புக்குத் தாவியிருக்கிறார். விழுந்து நொறுங்கியது வாளி. வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். வாரை எடுத்துப் பிழிந்தார். தண்ணீர் சொட்டியது.

"தண்ணி ஊத்தினீங்களா?"

"மில்லுல ஊத்துவோம்" என்றேன்.

"இது தோல், மச்சான்."

அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. நேற்று மூன்று பனை உயரத்தில் ஒரு விரலில் தொங்கியபோது நடுங்காத கைகள். பின்பக்கச் சரிவில் அவரும் என்னைப் போலவே நாலு காலில் இறங்கினார்.

கதிரன் எங்கள் முகத்தைப் பார்த்தார், வாரைத் தொட்டுப் பார்த்தார், அதை வெயிலில் விரித்துப் போட்டார். பொன்னிதான் சுருட்டை எடுத்துவிட்டு, "தோலுக்குத் தண்ணி குடுக்கிற மச்சினனை இப்பதான் காணுறன்" என்றாள். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. ஆனால் அவள்தான் என் கைகளில் தேனைத் தடவித் துணி சுற்றினாள்.

திரும்பும் வழியில் தோணி எங்கும் தட்டவில்லை. மாப்பிள்ளை வாவியைப் பார்த்துக்கொண்டே வந்தார். நடுவில் வந்ததும் தானாகப் பேசினார்.

"கயிறு இளகினப்போ, நீங்க மேல இருக்கறது ஞாபகம் வந்திடுச்சு. ஊருக்குப் போய் அவகிட்ட நீங்கதானே சொல்லணும், எப்படிச் சொல்லுவீங்கன்னு. அப்பத்தான் கை நடுங்கிச்சு. கல்லுல ஒரு நெனப்பு வந்தது அன்னிக்குத்தான். இனிமே போகாது மச்சான். இனிமே வெறுங்கையோட ஏற ஏலா."

மன்னிப்புக் கேட்பதா சந்தோஷப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கு இருந்த ஒரே மருந்தை நான் கொட்டிக் கவிழ்த்துவிட்டேன் என்று மட்டும் புரிந்தது.

வீட்டு வாசலில் கோமதி குழந்தையை அவர் கையில் கொடுத்துவிட்டு, என் உள்ளங்கைகளைப் பார்த்து என்ன என்று கேட்டாள். நான் வாயைத் திறக்குமுன் அவர் சொன்னார், "கயிறு பிடிச்சார்."

ஐப்பசி மழை விட்டதும் எங்கள் ஊர்க் கோபுரத்தில் அரசஞ்செடி முளைத்திருந்தது. பிடுங்க மாப்பிள்ளையைக் கூப்பிட்டார்கள். முன்பெல்லாம் அவர் பொம்மைகளின் தோளில் கால் வைத்து வெறுங்கையோடுதான் ஏறுவார், ஊரே வேடிக்கை பார்க்கும். அன்று காலை மில்லுக்கு வந்தார். இடுப்பில் ஒரு புதுக்கயிறு கட்டியிருந்தார். மறுமுனையை என் கையில் வைத்தார். என் கை பின்வாங்கியது. அவர் விடவில்லை. என் ஆறிய தழும்பின் மேல் அதை வைத்து விரல்களை மடக்கினார்.

"தேங்கா நார்தான் மச்சான்" என்றார். "தண்ணி தெளிச்சுக்கலாம்."